எதுக்கும் அக்காவும் மூன்று புது சர்வர்களும்

ஆபீசில் அவளை எல்லாரும் "எதுக்கும் அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் தொங்கியதோடு சரி. எந்தக் கூட்டமாக இருந்தாலும், எல்லாரும் எழுந்து நாற்காலியைத் தள்ளுகிற நேரத்தில், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமே" என்பாள். எழுந்தவர்கள் முனகிக்கொண்டே மறுபடி உட்கார்ந்து பார்ப்பார்கள். அநேகமாக ஒன்றும் இருக்காது. என்றைக்காவது ஒரு நாள் இருக்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவளுக்குச் சம்பளம் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார், அவள் இல்லாத இடத்தில்.

பயம் அவளுக்குத் தம்பியோடு வந்து சேர்ந்தது. அவன் பிறந்தபோது அவளுக்குப் பத்து வயது. அப்பா சரக்கு லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவார்; அம்மாவுக்குத் துணி ஆலையில் ஷிப்ட். குழந்தை அவள் பொறுப்பு. தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டால் போதும், அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். விரல் பட்டுக் குழந்தை தும்மிக்கொண்டு எழும். அதை மறுபடி தூங்கவைப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போகும். தூங்கியதும் திரும்பச் சந்தேகம் வரும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது.

அப்படி வளர்க்கப்பட்டவன் என்ன வேலைக்குப் போனான் என்கிறீர்கள்? லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி போல்ட் முறுக்குவான். வீட்டுக்கு வந்த பயத்தை எல்லாம் அக்காவே மொத்தமாக எடுத்துக்கொண்டதால் தன் பங்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று கேலி செய்வான்.

அவளுக்கும் கல்யாணம் நடந்தது. கணவர் பொல்லாதவர் இல்லை. கேஸ் அடுப்பை மூடினோமா என்று படுத்த பிறகும் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிற பெண்ணோடு சில வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, "உன்னோட இருந்து இருந்து எனக்கும் கேஸ் வாசனை வர ஆரம்பிச்சுடுச்சு" என்று சொல்லிப் பிரிந்துபோனார். அதற்குப் பிறகு தம்பி வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். கீழ்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும். தம்பி மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். "அண்ணி, கதவு பூட்டியாச்சு, கேஸ் மூடியாச்சு, உங்க தம்பி மூச்சு விடறார், நீங்க போய்ப் படுங்க" என்று தினமும் மாடிப்படியில் நின்று அறிக்கை வாசிப்பாள்.

இனி அவள் வேலைக்கு வருவோம். ஜனங்கள் தங்கள் போட்டோ, வீடியோ, ஆபீஸ் காகிதம் எல்லாவற்றையும் "கிளவுட்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கிளவுட் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். அது டயர் கிடங்குக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அலமாரிகளில் சர்வர்கள், ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தட்டுத்தட்டாக டிஸ்க்குகள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள், சில பள்ளிக்கூடங்களின் பாடங்கள், வீடியோ எடுத்துப் பிழைப்பவர்களின் மலைமலையான வீடியோக்கள் என்று ஊரார் சொத்தையெல்லாம் இவள் கம்பெனி வைத்துக் காத்தது.

இருக்கிற சர்வர்களில் ஒன்றை எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்டால் அதற்கு மூச்சு முட்டும். பக்கத்து அலமாரியில் இன்னொன்று வேலையில்லாமல் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பாரத்தை இங்கிருந்து அங்கே மாற்றி, எதுவும் முறிந்துவிடாமல் பார்ப்பதுதான் எதுக்கும் அக்காவின் வேலை. மாற்றுவதென்னவோ ஒரு மென்பொருள்தான். ஆனால் எந்த சர்வர் எவ்வளவு தாங்கும் என்று அதற்குச் சொல்கிறவள் அவள். அந்த எண்ணுக்கு அவர்கள் வெயிட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மென்பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காலி இடத்தைக் கண்டுவிட்டால் அதற்குக் கண்மண் தெரியாது. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், மேசை காலியாக இருக்கிறதே என்று ஆளாளுக்குத் தங்கள் வேலையை அவர் தலையில் கட்டுவார்களே, அதே கதை. அதனால் புது சர்வர் வந்தால் எதுக்கும் அக்கா முதலில் துளியூண்டு வெயிட் கொடுப்பாள். சில நாள் பார்ப்பாள். டிஸ்க்குகள் ஒழுங்காக ஓடினால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் முடிப்பதை அவள் ஒரு மாதம் இழுப்பாள். "அக்கா, அது சர்வர், பச்சைக் குழந்தை இல்ல" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் தன் வழியிலேயே செய்வாள்.

இன்னொரு விதியும் உண்டு. எந்தக் கோப்பானாலும் மூன்று பிரதி. மூன்றும் மூன்று வேறு அலமாரிகளில். ஒரு அலமாரிக்குக் கரண்ட் போனாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். இந்த விதியை நம்பித்தான் அவள் ஓரளவாவது தூங்கினாள்.

மூன்று புது சர்வர்கள் வந்து, மூன்று வேறு அலமாரிகளில் ஏறிய அன்று காலை, தம்பி வேலை செய்யுமிடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். நல்லவேளை, குழிக்குள் தொங்கவில்லை. வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவியின் போன் வந்தபோது எதுக்கும் அக்கா அந்த மூன்று சர்வர்களின் வெயிட்டைப் போட உட்கார்ந்திருந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையில் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. பழைய சர்வர்களுக்குப் போடுகிற முழு எண்ணையே மூன்றிலும் தட்டினாள். திரும்பி வந்து குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் தலைக்குள் வேறெதற்கும் இடம் இல்லை. போன மாதம் தலைவலி என்று ஒரு சின்ன கிளினிக்கில் அவனுக்கு ஸ்கேன் எடுத்திருந்தார்கள். மாத்திரை போதும் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது, இவள் கம்பெனி படங்களை வைத்துக் காத்த அதே பெரிய ஆஸ்பத்திரியில், திங்கட்கிழமை புதிதாக எடுத்துப் பார்த்தார்கள். தலைக்குள் பட்டாணி அளவு ஒரு கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். அவள் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தாள். திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. காலி சர்வர்கள் நிரம்புகின்றன, பழையவை ஓய்வெடுக்கின்றன என்று மென்பொருளுக்கு ஒரே சந்தோஷம். மூன்று எண்களைக் குறைக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பயந்தவளுக்குப் பயப்பட வேண்டிய ஒரு விஷயம் தப்பிப்போனது, அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்ததால்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கத்தான் போயிருந்தாள். தம்பிதான் விரட்டினான். தலையை மழித்துப் பச்சை அங்கி மாட்டியிருந்தார்கள்.

"அக்கா, நீ வெளிய உக்காந்திருந்தா உள்ள எனக்கு மயக்க மருந்து வேலை செய்யாது. ஆபீசுக்குப் போ. சாயந்தரம் வா."

"நான் ஒரு ஓரமா இருக்கேன்டா."

"நீ ஓரமா இருந்தாலும் உன் மூஞ்சி நடுவுல இருக்கு. போ அக்கா."

தம்பி மனைவியும் கண்ணைக் காட்டினாள். எதுக்கும் அக்கா பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தாள். வந்து ஒரு வேலையும் ஓடவில்லை. போனை மேசை மேல் நிமிர்த்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் அவனை உள்ளே கொண்டுபோவார்கள்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி இல்லை, கீழே மெஷின் கூடத்திலிருந்து ஸ்வெட்டர். அங்கே வருஷம் முழுக்க ஏசி குளிர் என்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு திரியும் டெக்னீஷியன் அவர். அவளை விட வயதில் மூத்தவர்தான், அவரும் அக்கா என்றே கூப்பிடுவார்.

"அக்கா, புதுசா வந்த மூணுல ஒண்ணு படுத்துடுச்சு."

"டிஸ்க் போயிடுச்சா? எத்தனை?"

"ஒண்ணு ரெண்டுன்னா உங்களை ஏன் கூப்பிடறேன். வரிசையா சாயுது. பெட்டியைப் பாத்தேன். மூணு சர்வர் டிஸ்க்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே சமயத்துல பண்ணினது. மத்த ரெண்டும் சூடாயிருக்கு."

அவள் திரையைத் திறந்து மூன்று எண்களையும் பார்த்தாள். முழு வெயிட். தானே தட்டியது. 

நடந்தது என்னவென்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் முழு எண்ணைத் தட்டிய நாளிலிருந்து, புதிதாக வந்த ஒவ்வொரு கோப்பையும் மென்பொருள் இருப்பதிலேயே காலியான இடத்தில் வைத்தது. இருப்பதிலேயே காலியான இடம் அந்த மூன்று சர்வர்கள். மூன்று பிரதி, மூன்று அலமாரி. விதி ஒரு எழுத்துகூட மீறப்படவில்லை. ஆனால் மூன்று பிரதிகளும் போய் உட்கார்ந்தது ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேரிடம். ஒன்றுக்கு வந்த வியாதி மற்ற இரண்டுக்கும் வரும். அந்த நாட்களில் வந்த எதற்கும் வேறு எங்கேயும் நான்காவது பிரதி கிடையாது.

ஆஸ்பத்திரி தன் படங்களைத் தன்னிடம் ஒரு நாள்தான் வைத்திருக்கும். பிறகு எல்லாம் இங்கே வந்துவிடும். திங்கட்கிழமை எடுத்த தம்பியின் தலை அந்த மூன்றில்தான் இருந்தது. அதில் ஒன்று செத்துவிட்டது. இரண்டு மிச்சம்.

அவளுக்கு நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை, மூடி கைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் நல்லபடியாகவே நம்புகிறவர். "கவலைப்படாதீங்க, ரீபில்ட் ஓட ஆரம்பிச்சுடுச்சு" என்றார். ஒரு சர்வர் செத்தால், அதிலிருந்த எல்லாவற்றுக்கும் புதுப் பிரதி எடுக்க மென்பொருள் தானாகக் கிளம்பும். அதற்குத்தான் ரீபில்ட் என்று பெயர். பிரதி எடுக்க வேண்டுமானால் மிச்சமிருக்கிற இரண்டிலிருந்துதான் படிக்க வேண்டும். ஏற்கெனவே பாரம் தாங்காமல் காய்ந்துகொண்டிருக்கும் இரண்டையும் அது பிராண்டிப் பிராண்டிப் படித்தது. அதற்கு மேல், வெளியிலிருந்து ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடங்களும் வீடியோக்காரர்களும் தங்கள் புதுக் கோப்புகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"ரீபில்டை நிறுத்தணும்" என்றாள்.

"அதானேங்க நம்மளைக் காப்பாத்துது?"

"அதுதான் சாகடிக்குது. இந்த வேகத்துல இன்னும் கொஞ்ச நேரம் ஓடுச்சுன்னா ரெண்டாவதும் விழும். அப்புறம் மொத்த பாரமும் மூணாவது தலையில. அதுவும் விழும்."

மேனேஜர் அவளையே பார்த்தார். "இதெல்லாம் எப்படி இந்த மூணுலயே போய்ச் சேர்ந்துச்சு?"

"நான்தான் முழு வெயிட் போட்டேன். அன்னிக்குத் தம்பிக்கு முடியலேன்னு ஓடினேன். திரும்பக் குறைக்க மறந்துட்டேன்."

சொல்லிவிட்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனத்தை இறக்கியும் பயம் குறையவில்லை. மேனேஜர் குனிந்து திரையைப் பார்த்தார். "அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்ன செய்யலாம், சொல்லுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, இங்க என்னமோ படம் திறக்க மாட்டேங்குதாம். அவரை உள்ள கொண்டுபோய் மயக்க மருந்தும் குடுத்தாச்சு. திங்கட்கிழமை எடுத்த படம் திரையில வந்தாத்தான் டாக்டர் கை வைப்பாராம். பாதி வரைக்கும் வந்து நின்னுடுதாம்."

"ம்."

"போன மாசம் கிளினிக்ல எடுத்தது என் பையில இருக்குல்ல, அந்த சிடி. அதை வெச்சு ஆரம்பிச்சுடலாமான்னு கேக்கறாங்க. இல்லேன்னா காத்திருக்கணும். ஆனா மயக்கத்துலயே ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாதாம். வீட்டுல பெரியவங்க யாருன்னு கேட்டாங்க. நான் உங்களைத்தான் சொன்னேன். என்ன சொல்லட்டும் அண்ணி?"

எதுக்கும் அக்காவின் கண்ணுக்கு முன்னால் இரண்டு சர்வர்களின் பாரத்தைக் காட்டும் கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பாரத்தில் ஒரு பங்கு, ஆஸ்பத்திரி கேட்பது. பாதி வரைக்கும் வந்து நிற்கிற படம் அவள் தம்பியின் தலை. அப்படியே திறந்து விட்டால் அடுத்த நிமிஷம் மீதியும் வந்து சேரலாம். வராமல், கேட்டுக் கேட்டே டிஸ்க் விழலாம். விழுந்தால் இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே அந்தப் படம் இல்லை. அவனுடையது மட்டும் தனியாக எடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கோப்புகள் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, பூட்டப்பட்டு, நீளமான எண்களாகக் கிடந்தன. தூக்கி வளர்த்த தம்பியின் தலை அதில் எந்த எண் என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியுடையது எது, மற்றவர்களுடையது எது என்பது வரைக்கும்தான் தெரியும்.

எல்லாரையும் வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தி, இரண்டு சர்வர்களையும் ஆறவிட்டு, ஆஸ்பத்திரியின் கோப்புகளை மட்டும் மெதுவாக ஒரு பழைய சர்வருக்கு நகர்த்த வேண்டும். பதறாத காரியம் சிதறாது. ஆனால் கதவைச் சாத்தினால் ஆபரேஷன் அறையின் திரையும் இருண்டுபோகும். அவளே தன் கையால் இருட்டாக்க வேண்டும்.

"காத்திருக்கச் சொல்லு" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். அதுக்குள்ள வந்துடும்."

 போனுக்குள் எங்கேயோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. "சரி அண்ணி" என்று போனை வைத்தாள் தம்பி மனைவி.

எதுக்கும் அக்கா ரீபில்டை நிறுத்தினாள். பிறகு வெளியிலிருந்து கேட்கிறவர்களின் கதவுகளை ஒவ்வொன்றாக மூடினாள். வீடியோக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், கடைசியாக ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் பொத்தானில் விரல் வைத்தபோது, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வாழ்நாளெல்லாம் அவள் கேட்டு நடந்த குரல். அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அழுத்தினாள். மேனேஜரின் மேசை போன்கள் மூன்றும் ஒரே சமயத்தில் அலற ஆரம்பித்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மன்னிப்புக் கேட்டார்.

நகர்த்துவதற்கு ஒரு வேகம் வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் தம்பி மயக்கத்திலேயே கிடப்பான். கூட்டி வைத்தால் டிஸ்க் விழும். ஒரு பக்கம் அவன் மூச்சு, ஒரு பக்கம் அவன் படம். கீழே ஸ்வெட்டர் சர்வரின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சூடு இறங்குது அக்கா. கொஞ்சம் ஏத்திப் பாருங்க."

ஏற்றினாள்.

"போதும், போதும். ரெண்டாவதுல ஒரு டிஸ்க் இருமுது."

இறக்கினாள். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை நத்தையாக ஊர்ந்தது. அவள் அதைப் பார்க்காமல் கண்ணை மூடினால், மழித்த தலை ஒன்று வெள்ளை விளக்கின் கீழே தெரிந்தது. கண்ணைத் திறந்தால் பட்டை அங்கேயே நின்றது. முதுகில் வேர்வை வழிந்து புடவை ஒட்டிக்கொண்டது. பயத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் மரத்துப்போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவருக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான். அவளுக்கு ஒவ்வொரு நிமிஷமும் புதிதாகப் பயம் வந்தது, முதல் தடவை போலவே.

பாதிக்கு மேல் நகர்ந்திருக்கும். ஸ்வெட்டர் பேச்சை நிறுத்தினார். 

"என்ன?"

"ரெண்டாவது போயிடுச்சு அக்கா."

மென்பொருள் தயங்காமல் மூன்றாவதின் பக்கம் திரும்பியது. மொத்தப் பாரமும் இப்போது ஒன்றின் மேல். மேனேஜர் பின்னால் நின்று, "நிறுத்திடலாமா? கொஞ்சம் ஆறட்டும்" என்று கேட்டார். 

அவள் நிறுத்தவில்லை. கூட்டவும் இல்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். படம் இல்லாமலே போவதை விட, தம்பி இன்னும் கொஞ்சம் காத்திருப்பது மேல். அப்படித் தீர்மானித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் திரை மங்கும் என்று புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கீழே ஸ்வெட்டர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, குளிர்காற்று வேறெங்கும் போகாமல் மூன்றாவது சர்வர் மேலேயே விழும்படி, பக்கத்து இடைவெளிகளை அதைக்கொண்டு அடைத்திருந்தார். அது பிறகு தெரிந்தது. அப்போது அவர் சொன்னதெல்லாம், "தாங்குது... தாங்குது..." என்பது மட்டும்தான்.

சொன்ன ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. போன் அடிக்கவில்லை. அடிக்காதது எதனால் என்று அவளால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பொறுமை இழந்து பழைய படத்தை வைத்து ஆரம்பித்திருப்பார்களோ? இல்லை, ஆரம்பிக்கவே முடியாமல் போய்விட்டதோ? அவளாகக் கூப்பிடவும் துணிச்சல் இல்லை. வேகத்தின் மேல் வைத்த கையை எடுக்கவும் முடியாது.

பட்டை முழுதாக நிறைந்தபோது அவளுக்கு அது நிறைந்ததென்று உறைக்கவே இல்லை. மேனேஜர்தான், "முடிஞ்சுது, திறங்க" என்றார். ஆஸ்பத்திரியின் கதவை மட்டும் திறந்தாள், பழைய சர்வரின் பக்கமாக. கோடு ஒன்று எழும்பியது. யாரோ எதையோ கேட்டார்கள். பழைய சர்வர் முழுதாகக் கொடுத்தது. அது யாருடைய படமோ, அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் அடித்தது.

"படம் வந்துடுச்சாம் அண்ணி. ஆரம்பிச்சுட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள் தம்பி மனைவி. வேறொன்றும் கேட்கவில்லை.

மற்றவர்களின் கோப்புகளை நகர்த்துகிற வேலையை அதே நத்தை வேகத்தில் ஓடவிட்டு, மேனேஜரிடமும் ஸ்வெட்டரிடமும் ஒப்படைத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வேலை இருக்குமா போகுமா என்று மேனேஜர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி காய்ச்சலா என்று கேட்டாள்.

போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெளிச்சம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமாக விழுந்திருந்தது. தம்பி மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதுக்கும் அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை மட்டும் எடுத்தாள்.

"முடிஞ்சுது. கண்ணு முழிச்சார். கையை அசைக்கச் சொன்னாங்க, அசைச்சார். என்னைப் பாத்து, அக்கா சாப்பிட்டாளான்னு கேட்டார்."

எதுக்கும் அக்கா உட்கார்ந்தாள். 

"பழைய படத்தை வெச்சு ஆரம்பிச்சிருந்தா வினையாப் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். ஒரு மாசத்துல கட்டி ஒரு ரத்தக்குழாயைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்காம். புதுப் படத்துலதான் அது தெரிஞ்சுதாம். காத்திருந்தது நல்லதுன்னார்."

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் எதுக்கும் அக்கா.  "அந்தப் படம் திறக்காமப் போனது—"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்கதான்னு தெரியும். ஒரு மணி நேரம்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்கறவங்களுக்கே எப்ப வரும்னு தெரியல, கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இதுல உங்க கை இருக்கு, அதனால தெரியும்."

எதுக்கும் அக்கா தரையைப் பார்த்தாள். அன்று முழு எண்ணைத் தட்டிவிட்டுக் குறைக்க மறந்ததைச் சொன்னாள். பிறகு, "தெரிஞ்சும் நீ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள்.

"கேட்டா உங்க கை நடுங்கியிருக்கும். அவர் உயிரு அந்தக் கையிலதானே இருந்துச்சு. ஒரு மணி நேரம் தாண்டினதும் டாக்டர் வெளிய வந்து கேட்டார். எங்க அண்ணி சொன்னா சொன்னதுதான், இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு இந்த நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போனை எடுத்து உங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு அதைப் பைக்கு அடியில போட்டு வெச்சேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சீங்களா?"

அவள் உதடு கோணியது. அதுவரை நிமிர்ந்திருந்த முதுகு முதல் தடவையாக வளைந்தது.

"இப்ப அவர் முழிச்சுட்டார். இனிமே உங்க கை நடுங்கினாப் பரவாயில்ல. இப்பத் திட்டட்டுமா?"

"திட்டு" என்றாள் எதுக்கும் அக்கா.

தம்பி மனைவி திட்ட ஆரம்பித்தாள். மதியத்திலிருந்து வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. கேஸை ஆயிரம் தடவை பாக்கத் தெரியுது, கதவை ஆயிரம் தடவை இழுத்துப் பாக்கத் தெரியுது, பாக்க வேண்டியதை ஒரே ஒரு தடவை பாக்கத் தெரியலையா என்றாள். உங்க பயத்தை எல்லாம் கொண்டுபோய் எந்தக் குப்பையில கொட்டினீங்க என்றாள். மறதிக்கும் ஒரு அளவு வேண்டாமா, அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல எப்படி மூஞ்சியில முழிச்சிருப்போம் என்றாள். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்காமலே திட்டினாள். எதுக்கும் அக்காவும் அழுதுகொண்டே எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றாள்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, பேஷன்ட் தூங்கறார், சத்தம் போடாதீங்க என்றாள். தம்பி மனைவி அவளிடம் தலையாட்டினாள். நாற்காலியை எதுக்கும் அக்காவின் பக்கம் இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.